நாலு விரல் கட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் தம்பியிடமிருந்து என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக அவனும் நானும் பேசிக்கொண்டதில்லை. தவறி வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். நெமிலியில் உங்கள் வீட்டுக் குளியலறை வாசல். அந்த வாசலில் நாலு விரல் உயரத்துக்குச் செங்கல் வைத்துப் பூசி, மேலே கறுப்பு கிரானைட் பதித்த ஒரு கட்டை இருந்ததே, அது இல்லை. அது இருந்த இடத்தில் உடைந்த காரையும் செங்கல் துண்டுகளும் கிடந்தன. பக்கத்தில் ஒரு சுத்தியல்.

கீழே எழுதியிருந்தான். "அக்கா, அம்மா விழுந்து இடுப்பு எலும்பு உடஞ்சிடுச்சு. ஆபரேஷன் ஆச்சு. ஆனா இனிமே நடக்கறது கஷ்டம்னு சொல்லிட்டாங்க. வீல்சேர்லயே பாத்ரூம் போவணும். கட்டைய எடுத்துட்டேன். இப்ப தண்ணி ஹாலுக்கு வருது. நீங்க ரெண்டு பேரும் ஆம்பூர் வூட்ல ஒரு பட்டை ஒட்டி வெச்சிருந்தீங்களே, அது எங்க கிடைக்கும்?"

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆகிறது என்று மட்டும் கேட்டு எழுதினேன். "நாலு நாள்க்கா" என்று பதில் வந்தது.

நாலு நாள். நீ அந்த வீட்டில் இருந்த மூன்று வருடமும் உடையாத கட்டை, நாலே நாளில் உடைந்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? இங்கே யாரிடம் சொன்னாலும், செத்துப்போனவள் விஷயத்தை இப்போது ஏன் கிளறுகிறாய் என்பார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதையும் இதிலேயே எழுதப் போகிறேன். வழக்கம்போல் குறுக்கே பேசாமல் கேள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நம் இரண்டு டேபிளும் அடுத்தடுத்து. வெட்டிய தோலின் ஓரத்தைச் சுரண்டி, சொல்யூஷன் தடவி, மடித்து ஒட்டுகிற வேலை உனக்கு. தைத்து வந்ததில் பிசிறும் கோணலும் பார்த்து ஒதுக்குகிற வேலை எனக்கு. நான் கணியம்பாடிப் பக்கம்; இரண்டு வயதில் வந்த போலியோ. நீ நெமிலிப் பக்கம். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. நீ வேலைக்கு வந்த முதல் நாள் என் சக்கர நாற்காலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, காய்கறி வண்டி கணக்கா இருக்கு" என்றாய். முன்பின் தெரியாதவள், வந்ததும் வராததுமாக டி போட்டுப் பேசுகிறாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு உன் டேபிளிலிருந்து வந்ததில் ஆறு ஜோடியை ஒதுக்கித் தள்ளினேன். மறுநாள் சாப்பாட்டு வேளையில் உன் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அதுல ரெண்டு நெஜமாவே கோணல். மீதி நாலு உன் கோவம்" என்றாய். அப்படித்தான் நாம் தோஸ்த் ஆனோம்.

பார்க்கிறவர்களுக்கு நாம் இரண்டு பேரும் ஒன்றுதான். இரண்டு பெண்கள், இரண்டு சக்கர நாற்காலி. நமக்குத்தான் தெரியும் வித்தியாசம். நான் நாற்காலியிலிருந்து இறங்கி, தரையில் கையை ஊன்றி நகர்ந்து, எந்தக் குளியலறைக்குள்ளும் போய்விடுவேன். உராய்ந்தால் வலிக்கும், நிறுத்திக்கொள்வேன். உனக்கு இடுப்புக்குக் கீழே வலியே கிடையாது. தோல் உரிந்து ரத்தம் வந்தாலும் தெரியாது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அனுப்பும்போது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது அதுதான். தரையில் தேய்க்கக் கூடாது, யாரும் இழுக்கக் கூடாது, தினமும் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு கைக்கண்ணாடி எப்போதும் உன் பையில் இருக்கும். மற்றப் பெண்கள் நீ முகம் பார்க்கிறாய் என்று கிண்டல் செய்வார்கள்.

அதனால் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் நாம் சேர்ந்து வீடு பார்த்தபோது நீ கேட்டது ஒன்றே ஒன்று. குளியலறை வாசலில் படியோ கட்டையோ இருக்கக் கூடாது. சக்கரம் வைத்த உன் குளியல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நேராக உள்ளே உருண்டு போய், குளித்துவிட்டு, உருண்டு வெளியே வர வேண்டும். மாடியில் குடியிருந்த ஓனரம்மா சரி என்று சொல்லி, இருந்த கட்டையை எடுத்துக் கொடுத்தாள். அந்த மட்டும் நல்லவள்தான்.

கட்டை போனதும் தண்ணீர் வந்தது. நீ குளித்து முடிப்பதற்குள் அது ஹாலுக்கு வந்து, கட்டில் காலைத் தாண்டி, தரையில் விரித்திருந்த என் மெத்தையின் ஓரத்தை நனைத்து, வாசல் வழியாக வெளியே போய் மாடிப்படியின் கீழே நிற்கும். நீயோ ஒருநாளுக்கு இரண்டு தடவை குளிக்கிறவள். எட்டு மணி நேரம் சொல்யூஷன் டப்பா முன்னால் உட்கார்ந்தால் அந்த நெடி தலைமுடிக்குள் போய்விடுகிறது, அதோடு படுத்தால் தூக்கம் வராது என்பாய். காலையில் ஒரு வெள்ளம், சாயங்காலம் ஒரு வெள்ளம். நான் வைப்பரை வைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பேன்.

"இன்னாம்மா இது, வூடா ஏரியா?" என்று ஓனரம்மா மாடிப்படியில் நின்று கேட்பாள். "சொவுரு ஊறுது பாரு. பெயின்ட் உதுருது பாரு." அவள் சொன்னது பொய்யில்லை. அதற்கு அவள் செய்த காரியம்தான் கொடுமை.

மூன்றாவது வாரம், வேலை முடிந்து சாயங்காலம் நாம் வந்து கதவைத் திறந்தால், குளியலறை வாசலில் புதிதாக ஒரு கட்டை. நாம் கம்பெனியில் இருந்த நேரத்தில் கொத்தனாரை விட்டுக் கட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. நீ நேராக அடுக்களைக்குப் போய்த் தோசைத் திருப்பியை எடுத்து வந்தாய். நாற்காலியில் இருந்தபடி குனிந்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த ஈரச் சிமெண்டைச் சுரண்ட ஆரம்பித்தாய். செங்கல் ஒவ்வொன்றாக ஆடிக் கழன்றது. நான் அதை வாங்கி வாங்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். சத்தம் கேட்டு ஓனரம்மா இறங்கி வந்தாள்.

"அய்யய்யோ, இன்னா பண்றீங்க?"

"எங்க பாத்ரூமுக்குள்ள நாங்க போறோம் ஆன்ட்டி" என்றாய். நிமிரக்கூட இல்லை.

"அப்ப தண்ணிக்கு இன்னா வழி சொல்றே?"

"தண்ணி வெளிய வராது. அது என் பொறுப்பு. ஒரு மாசம் டைம் குடுங்க. வந்துச்சின்னா நாங்களே காலி பண்ணிட்றோம். ஆனா இனிமே எங்கள கேக்காம இங்க ஒரு கரண்டி சிமெண்ட் போடக்கூடாது."

அவள் திரும்பி மாடிக்குப் போனாள். அந்த நிமிடத்தில் எனக்கு உன்மேல் இருந்த மரியாதை இருக்கிறதே, அதனால்தான் இன்றைக்கு எனக்கு இவ்வளவு கோபம். தோசைத் திருப்பியால் கட்டையைப் பெயர்த்தவள் நீ.

அந்த ஒரு மாதம் நாம் பட்ட பாடு கொஞ்சமா? முதலில் பழைய போர்வையைச் சுருட்டி வாசலில் போட்டோம். அது தண்ணீரைக் குடித்து ஊறி, நாற்றமெடுத்து, உன் சக்கரத்தில் சிக்கியது. பிறகு பிளாஸ்டிக் திரை மாட்டினோம். அது காற்றில் எழும்பி உன் முதுகில் ஒட்டியதே தவிர, தண்ணீர் அதன் அடியில் தாராளமாக வெளியே வந்தது. கம்பெனியில் கட்டட வேலைக்கு வரும் மேஸ்திரியைக் கெஞ்சி அழைத்து வந்தோம். அவர் ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பார்த்துவிட்டு, "வாட்டமே வாசப் பக்கம் இருக்குதும்மா, தண்ணி பின்ன எங்க போவும்" என்றார். தரையைக் கொத்திவிட்டு, மூலையில் இருக்கும் ஓட்டையைப் பார்த்துச் சரிவு கொடுத்தார். முதல் தடவை சரிவு ஜாஸ்தியாகிவிட்டது. நீ சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலி தானாக மூலைக்கு ஓடிப் போய்ச் சுவரில் இடித்தது. நீ உள்ளேயிருந்து கத்தினாய். நான் பயந்துபோய் வந்து பார்த்தால் தலை நிறைய நுரையோடு சிரித்துக்கொண்டிருக்கிறாய். அவர் மறுபடி வந்து சரிவைக் கம்மி செய்தார்.

அப்போதும் வாசல் ஓரம் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி வெளியே கசிந்தது. ஏதாவது தடுப்பு வேண்டும். ஆனால் சக்கரம் ஏறினால் படுத்துக்கொள்ள வேண்டும், சக்கரம் போனதும் எழுந்து நிற்க வேண்டும். அது உன் வாயிலிருந்து வந்த வார்த்தைதான். சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். நாள் முழுக்க நம் கையில் புழங்குகிற சாமான்தானே அது. ஷூவுக்குள் காலடியில் வைக்கிற ஸ்பாஞ்ச். மிதித்தால் அமுங்கும், எடுத்தால் எழும்பும்.

சூப்பர்வைசரிடம் கேட்டுக் கழிவுத் துண்டுகளை வாங்கி வந்தோம். நீ அதை இரண்டு விரல் உயரத்துக்கு, மேலே உருண்டையாக, கீழே தட்டையாகச் சீவினாய். வாசல் அகலத்துக்கு ஒட்டினோம். மூன்றாம் நாள் பெயர்ந்துவிட்டது. நான் அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். நீ பெயர்ந்த பட்டையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உன்னையே திட்டிக்கொண்டாய். "தோலா இருந்தா இன்னா, டைல்ஸா இருந்தா இன்னா. சொரண்டாம ஒட்னா நிக்குமா? தெனமும் செய்ற வேலைய வூட்டுக்கு வந்தா மறந்துட்றேன் பாரு." இந்தத் தடவை டைல்ஸ் மேல் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, இரண்டு பக்கமும் மெல்லிசாக இரண்டு பூச்சுச் சொல்யூஷன் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டினாய். தண்ணீர் கசிந்த இரண்டு மூலைகளிலும் பட்டையைச் சுவரில் ஒரு சாண் ஏற்றி மடித்தாய். திரையைப் பட்டைக்கு உள்பக்கமாகத் தரையைத் தொடும்படி தொங்கவிட்டு, அது எழும்பாமல் இருக்க அடி ஓரத்தில் ஷூ கயிறு கோர்க்கிற இரும்பு வளையங்களை வரிசையாக அடித்தாய்.

மாதக் கடைசியில் ஓனரம்மாவை நீதான் கூப்பிட்டாய். அவள் தன் கையாலேயே இரண்டு பக்கெட் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் பட்டை வரைக்கும் வந்து, நின்று, திரும்பி மூலைக்குப் போனது. ஹால் தரையைக் குனிந்து தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. "பரவால்லியே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு வருடம் அவள் வாயைத் திறக்கவில்லை. நீ தினம் இரண்டு வேளை, யார் கையையும் எதிர்பார்க்காமல், கதவைச் சாத்திக்கொண்டு குளித்தாய். உள்ளே உன் பாட்டுச் சத்தம் கேட்கும். அதற்கு மட்டும் எந்தத் தடுப்பும் போட முடியவில்லை.

பிறகு உன் தம்பி நெமிலியில் வீடு கட்டினான்.

உன் அம்மா போனில் அழுதாள். சொந்த வீடு இருக்கும்போது வாடகை வீட்டில் கிடந்தால் ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றாள். உனக்கும் ஆசை இருந்தது. "சொந்த வூடு டி" என்று நீ சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் நீ வேலையை விட்டுக் கிளம்பியபோது நான் தடுக்கவில்லை.

பால் காய்ச்சும் அன்றைக்கு நானும் வந்திருந்தேன். வீட்டு முன்வாசலில் உனக்காகச் சாய்வுப் பாதை. கிரானைட் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி வைத்து, பளபளவென்று. வந்தவர்கள் அத்தனை பேரும் அதைப் பார்த்துப் பேசினார்கள். அக்காவுக்கு எப்படிச் செய்திருக்கிறான் பாரு, இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்று. உன் தம்பி வெட்கத்தோடு சிரித்தான். நான் அந்தப் பாதையில் ஏறி, ஹாலைத் தாண்டி, குளியலறை வாசலுக்கு வந்தேன். அங்கே இருந்தது அந்தக் கட்டை. அதே கிரானைட். ஊர் பார்க்கிற இடத்தில் சரிவு, ஊர் பார்க்காத இடத்தில் கட்டை.

நான் உன் தம்பியைக் கூப்பிட்டேன். "இன்னா தம்பி இது? இவ எப்படி உள்ள போவா?"

"இல்லக்கா, ஹால்ல வழவழன்னு டைல்ஸ் போட்டுட்டோம். தண்ணி வந்தா வழுக்கும். அம்மாவுக்கு வயசாவுது, விழுந்துட்டா பேஜாரு. அப்பறம் எதுனா பண்ணிக்கலாம்."

"ஆம்பூர்ல ஹாலுக்கு ஒரு சொட்டு வராது. நீயே வந்து பாத்திருக்கே."

அவன் பதில் சொல்வதற்குள் நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். "வுடுடி. நல்ல நாளும் அதுவுமா. நான் பாத்துக்கறேன்."

சொல்லு. என்னத்தைப் பார்த்துக்கொண்டாய்?

நான் வாரம் தவறாமல் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். முதல் மாதம் "சொல்லியிருக்கேன்" என்றாய். இரண்டாவது மாதம் "மேஸ்திரி வரணும்" என்றாய். நான் ஒரு பட்டையை நன்றாகச் சீவி, செய்தித்தாளில் சுற்றி, நெமிலிப் பக்கம் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். "வந்துச்சி டி, ஒட்டியாச்சு, சூப்பரா நிக்குது" என்றாய். நான் நம்பினேன். உன்னை வந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைத்தேன். லீவு இல்லை, துணை இல்லை, வண்டி இல்லை. அதற்காக என்னை நான் திட்டிக்கொள்ளாத நாளில்லை. ஆனால் நம்பியதற்காக என்னைத் திட்டிக்கொள்ள மாட்டேன். பொய் சொன்னது நீ.

உன் அம்மா போன் செய்து ஆஸ்பத்திரி என்று சொன்னபோது நான் அப்படியே வேலையைப் போட்டுவிட்டு வேலூருக்கு ஓடி வந்தேன். உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. நர்ஸ் கட்டுப் பிரித்தபோது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. எலும்பு என்று நர்ஸ் சொன்னார்.

"எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"கட்டை மேல இழுக்கறப்ப உராஞ்சிருக்கும் போல. அம்மாவும் தம்பி பொண்டாட்டியும் அக்குள்ல கை குடுத்து உள்ள இழுப்பாங்க. அவங்க பாவம், நான் கனம்."

"கண்ணாடி வெச்சி பாக்கலியா?"

"விட்டு ரொம்ப நாளாச்சு டி."

"பட்டை ஒட்டியாச்சுன்னியே."

நீ சிரித்தாய். அந்த நிலையிலும் உனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஒட்றது? கட்டை மேலயா?"

"ஏன்டி பொய் சொன்னே?"

"நெசத்த சொன்னா நீ வந்து சண்ட போடுவே. போட்டுட்டு நீ ஆம்பூர் போய்டுவே. அப்பறம் அந்த வூட்ல இருக்கப்போறது நான் தானே."

வாடகை வீட்டில் உனக்கு இருந்த வாய், சொந்த வீட்டில் இல்லாமல் போய்விட்டது. ஓனரம்மாவிடம் காலி பண்ணுகிறேன் என்று சொல்ல முடிந்தது. பெற்றவளிடமும் கூடப் பிறந்தவனிடமும் என்ன சொல்வாய்? அது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை. ஆம்பூரில் நம் வீடு அப்படியேதான் இருந்தது. பட்டை அப்படியேதான் இருந்தது. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் நான் எப்படியாவது வண்டி வைத்து வந்து அழைத்துப் போயிருப்பேன். ஏன் சொல்லவில்லை?

பதினோராம் நாள் நீ போய்விட்டாய். புண்ணிலிருந்து ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தேன். உன் போட்டோவுக்கு மாலை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். பாவம் கஷ்டப்படாம போய்ட்டா, அவளுக்கும் நிம்மதி, மத்தவங்களுக்கும் நிம்மதி. உன் தம்பி பொண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு உன் அறைக்கு அழைத்துப் போனாள். கட்டிலுக்கு அடியில் உன் குளியல் நாற்காலி மடித்து வைத்திருந்தது. அதன்மேல் நான் அனுப்பிய பட்டை. செய்தித்தாள் சுற்றியபடியே. பிரிக்கக்கூட இல்லை.

நான் ஹாலுக்கு வந்தேன். உன் தம்பியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "தம்பி, நான் பாத்ரூம் போவணும்" என்றேன்.

அவன் எழுந்து வந்தான். "அக்கா, நாங்க தூக்கி வுடறோம்."

"தூக்க வாணாம். அவள மாதிரி, நாற்காலிய வுட்டு எறங்காம நானா போவணும். எப்படிப் போறது, சொல்லு."

உன் தம்பி பொண்டாட்டி அழுதுகொண்டே சொன்னாள். "ரெண்டு நாளைக்கு ஒருக்கா நாங்க தூக்கி எறக்குவோங்க. அவங்களே தெனமும் வாணாம், போதும்னு சொல்லிட்டாங்க."

"அவ ஒரு நாளைக்கு ரெண்டு வேள குளிக்கிறவ" என்றேன். "அவளா போதும்னு சொன்னா? உங்க கை வலிக்குதேன்னு சொல்லியிருப்பா. ஹால் நனையக்கூடாதுன்னு அவள இழுத்து இழுத்துக் கொன்னுட்டீங்க."

உன் தம்பியின் முகம் இருண்டது. "சாவு வூட்ல வந்து பேசற பேச்சாக்கா இது? போங்கக்கா" என்றான். போனேன். அந்தப் பளபளப்பான சரிவில் என் சக்கரம் வேகமாக இறங்கியது. ஆம்பூர் வரும்வரை அடக்கிக்கொண்டு வந்தேன், அழுகையையும் மூத்திரத்தையும்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தப் போட்டோ.

பட்டையைப் பற்றி அவன் கேட்டதற்கு மூன்று நாள் பதில் போடவில்லை. பிறகு யோசித்தேன். தண்ணீர் நிற்காவிட்டால் அடுத்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு மறுபடியும் கட்டையைக் கட்டிவிடுவான். அப்புறம் உன் அம்மாவை இரண்டு பேர் சேர்ந்து இழுப்பார்கள். "அது எங்கயும் கிடைக்காது. நானே செஞ்சி எடுத்துட்டு வர்றேன். வண்டி அனுப்பு" என்று எழுதினேன்.

போன ஞாயிறு போனேன். உன் சக்கர நாற்காலியில் உன் அம்மா உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்துவிட்டாள். என்னைப் பார்த்து எழப் பார்த்தாள், முடியவில்லை. நான் நேராகக் குளியலறைக்குப் போனேன். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கட்டை இருந்த இடத்தில் டைல்ஸ் பதித்துச் சமமாக்கியிருந்தார்கள்; வாட்டமும் சரியாகத்தான் இருந்தது. பட்டையும் திரையும் போதும்.

"நான் செய்யமாட்டேன். நீ செய். நான் சொல்றேன்" என்றேன் உன் தம்பியிடம்.

அவன் மண்டி போட்டான். உப்புத்தாளைக் கொடுத்தேன். தேய்த்தான். போதுமா என்றான். போதாது என்றேன். மறுபடி தேய்த்தான். நெற்றி வியர்வை தரையில் சொட்டியது. துடைத்து, ஃபேன் வைத்து மதியம்வரை காயவிடச் சொன்னேன். சொல்யூஷன் டப்பாவைத் திறந்து பிரஷைக் கையில் கொடுத்தேன். முதல் பூச்சு முடித்து, இரண்டாவது பூச்சு பாதியில் இருக்கும்போது, தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"அக்கா ஒரு தடவகூட கேக்கலியேக்கா. கேட்டிருந்தா நான் எடுத்திருப்பேன்."

"அம்மா கேட்டாங்களா?"

அவன் கை நின்றது.

"சொல்லு தம்பி. கட்டைய எடுக்கச் சொல்லி அம்மா உன்ன கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் எடுத்தே?"

அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாக உனக்கு எழுத மாட்டேன். "கைய நிறுத்தாத. காஞ்சிடும்" என்றேன். மீதியைத் தடவினான். பதம் வந்ததும் பட்டையை வைத்து அழுத்தினான். மூலைகளை எப்படி மடிப்பது என்று நீ எனக்குக் காட்டியபடியே அவனுக்குக் காட்டினேன். ஒருநாள் தண்ணீர் படக் கூடாது, ஷவரைச் சுவரைப் பார்த்துப் பிடிக்க வேண்டும், வாசலைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது என்று அவன் பொண்டாட்டியிடம் சொன்னேன்.

அவன் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனபோது நானும் உன் அம்மாவும் மட்டும் ஹாலில் இருந்தோம்.

"எங்க வுழுந்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"இங்கதான்" என்று ஹால் தரையைக் காட்டினாள். "ஒரு சொட்டு தண்ணி இல்ல. காஞ்ச தரையிலதான் வுழுந்தேன்."

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"நானும்தான் அவ அக்குள்ல கை குடுத்து இழுத்தேன். கட்டைய எடுடான்னு அவன்கிட்ட ஒரு நாளு சொன்னதில்ல. எனக்கு பயம், வழுக்கி வுழுந்துடுவேன்னு. உனக்கு எம்மேல கோவம் இருக்கும்."

"இருக்கும்மா" என்றேன்.

"அந்தக் கோவம் போவ வாணாம். நீயாச்சும் வெச்சிரு. இந்த வூட்ல எல்லாரும் அவ நல்லா வாழ்ந்துட்டு போனான்னே பேசிக்கறாங்க. கேக்கறப்ப எனக்கு வயிறு எரியுது. ஆனா நான் சொல்ல முடியாது. சொன்னா அவன் ஒடஞ்சிடுவான். நீ வெச்சிரு."

அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. உன் கையைப் போலவே அழுத்தமான கை. சரிம்மா என்றேன்.

மறுநாள் சாயங்காலம் உன் தம்பி ஒரு வரி அனுப்பியிருந்தான். அம்மா தனியாக உள்ளே போய்க் குளித்தாள், ஹால் நனையவில்லை என்று. படித்தேன். நல்லது என்றுகூடப் பதில் போடவில்லை. போடத் தோன்றும்போது போட்டுக்கொள்கிறேன், தோன்றாவிட்டால் இல்லை.

உன் அம்மா கேட்டுக்கொண்டபடி கோபத்தை வைத்திருக்கிறேன். அவர்கள் மேல் இருக்கிறது, என் மேல் இருக்கிறது, எல்லாவற்றையும்விட உன் மேல் இருக்கிறது. கம்பெனிக்கு எடுத்துப் போகிறேன், வீட்டுக்கு எடுத்து வருகிறேன். நீ நல்லா வாழ்ந்துட்டு போனே என்று யாராவது ஆரம்பித்தால், இல்லை என்று சொல்லி, நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். அவர்கள் எழுந்து போகும்வரை சொல்கிறேன்.